வீட்டுச் சாதகத்துக்கு ஒலிப்பதிவு செய்து தருவது எப்படி

கும்பகோணத்தில் என்னிடம் வாய்ப்பாட்டு கற்க வரும் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் வகுப்பு. பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வருகிறவர்களால் ஒரு நாள்தான் வர முடிகிறது. குருகுலத்தில் இருந்தவர்கள், ஆசிரியர் குளித்துவிட்டு வரும்போது முணுமுணுப்பதைக்கூடக் கேட்டுப் பாடம் செய்துகொண்டார்கள். இவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வகுப்பு முடிந்த மூன்றாம் நாள் ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகளில் ஒன்று) மறந்துபோனால், நோட்டில் எழுதியிருக்கும் ஸ்வரத்தை வைத்துத் தாங்களாகவே ஒன்றை ஊகித்துப் பாடி, அந்தத் தவற்றையே நான்கு நாள் உருப்போட்டுக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். படிந்துவிட்ட தவற்றைக் கலைத்துத் திருத்துவதற்குப் புதிய பாடம் சொல்லிக்கொடுப்பதைவிட அதிக நேரம் ஆகிறது. வீட்டில் பாடிப் பழகும் சாதகத்துக்கு ஆசிரியரே ஒலிப்பதிவு செய்து கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். அதை நான் செய்யும் முறையை, பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

யூடியூபில் எல்லாப் பாட்டும் இருக்கிறதே, தனியாக எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். அங்கே இருப்பவற்றில் பெரும்பாலானவை கச்சேரிப் பதிவுகள். அவற்றில் பாடகர் தம் மனோதர்மப்படி, அதாவது அந்த நேரக் கற்பனைப்படி, ஒரு சங்கதியை மூன்று முறையும் இன்னொன்றை ஒரே முறையும் பாடியிருப்பார், சுருதியும் காலப்பிரமாணமும் (பாடும் வேகமும்) அவருடையவையாக இருக்கும். பாடாந்தரமும், அதாவது குருவழி வந்த பாடமும், வேறுபடும். தியாகராஜரின் சீடர்கள் வழியாக உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை என்று மூன்று பரம்பரைகள் வந்தன; முதல் இரண்டும் நம் டெல்டா ஊர்கள்தான். ஒரே ஆசிரியரிடம் தொடங்கிய பாட்டுக்கே சங்கதிகள் இப்படிக் கிளை பிரிந்திருக்கும்போது, என்னிடம் பல்லவியையும் இணையத்தில் வேறொருவரிடம் அனுபல்லவியையும் கற்றுக்கொண்டு வரும் பிள்ளை இரண்டையும் ஒட்டவைக்க முடியாமல் திண்டாடுகிறது. நல்ல கச்சேரிகளைக் கேட்க வேண்டும் என்று நானே சொல்வதுண்டு. அது கேள்வி ஞானம், பாடம் வேறு.

சாதகப் பதிவில் ஆசிரியர் பாடும் பகுதியைவிட அவர் பாடாமல் விடும் பகுதிக்கே பயன் அதிகம் என்பது என் அனுபவம். ஆசிரியர் ஒரு வரியைப் பாடிவிட்டு, அதே அளவு நேரம், தம்பூராவும் தாளமும் மட்டும் ஒலித்துக்கொண்டிருக்க, வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடம் மாணவருடையது. தொடக்கத்தில் நான் முழுப் பாட்டையும் இடைவெளியின்றிப் பாடி அனுப்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பதிவோடு சேர்ந்தே பாடினார்கள். என் குரலுக்கு ஒரு கணம் பின்னால், நான் போகும் இடத்துக்கெல்லாம் தொற்றிக்கொண்டே வந்தார்கள். தங்கள் குரல் எப்படி இருக்கிறது என்பது அவர்கள் காதிலேயே விழவில்லை. பாட்டு வந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். வகுப்பில் தனியாகப் பாடச் சொன்னால் இரண்டாம் ஆவர்த்தனத்திலேயே, அதாவது தாளத்தின் இரண்டாம் சுற்றிலேயே, நின்றுவிடும்.

தொடக்கப் பாடமான சரளி வரிசையை எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 60 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று காலப்பிரமாணம் வைத்தால் ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 8 விநாடி. முதல் வரிசையில் ஆரோகணமும் அவரோகணமுமாக உள்ள 16 ஸ்வரங்களுக்கு முதல் காலத்தில் (வேகத்தில்) இரண்டு ஆவர்த்தனம், அதாவது 16 விநாடி ஆகும். இரண்டாம் காலத்தில் 8 விநாடி. மூன்றாம் காலத்தில் 4 விநாடியில் முடிந்துவிடுவதால் ஆவர்த்தனம் நிறைய இரண்டு முறை பாட வேண்டும். ஆசிரியர் ஒரு முறை, மாணவர் ஒரு முறை என்று மூன்று காலமும் போய்வந்தால் மொத்தம் 64 விநாடி. மற்ற வரிசைகளில் பல இதைவிட நீளம் என்பதால், ஒரே கோப்பில் நான்கு வரிசைக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது. பத்து நிமிடப் பதிவை எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை கேட்பதில்லை. நான்கு நிமிடப் பதிவை, பிடித்திருந்தால், ஐந்து முறைகூடக் கேட்கும்.

மூன்று காலத்தையும் ஆசிரியர் தனித்தனியாகப் பாடியே பதிவு செய்ய வேண்டும். ஒன்றைப் பாடிவிட்டு, மெதுவாக வேண்டுமானால் செயலியில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும் என்று விடுவதை நான் ஏற்பதில்லை. இன்றைய செயலிகள் சுருதி இறங்காமல் வேகத்தைக் குறைக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை மெதுவான சௌக்க காலத்தில் அசைக்கும் விதம் வேறு, விரைவான மத்திம காலத்தில் அசைக்கும் விதம் வேறு. வேகமாகப் பாடியதை இயந்திரத்தால் இழுத்தால், பாட்டு குடித்தவன் நடைபோல ஆகிவிடும், பிள்ளையும் அதையே கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் முறை) என்று கற்றுக்கொள்ளும்.

சுருதி

நான் கற்ற காலத்தில் ஆசிரியர் அறுபது நிமிட ஒலிநாடாவில் பாடிக் கொடுப்பார். பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடி, சுருதி கால் கட்டை, அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) என்று சரியும். வீட்டுச் சுருதிப்பெட்டியோடு சேராது. செல்பேசியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் தம்பூராவைப் பதிவுக்குள்ளேயே சேர்த்துவிட வேண்டும். வீட்டில் தனியாகச் சுருதி போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால் இரண்டும் மயிரிழை விலகி நிற்கும். ஒருமுறை நான் ஐந்தரைக் கட்டையில் பாடிவிட்டு, ஆரம்ப அறிவிப்பில் வாய் தவறி ஐந்து என்று சொல்லிவிட்டேன். பதிவில் தம்பூரா இருந்தும், ஒரு வீட்டில் அறிவிப்பை நம்பி ஐந்து கட்டைச் சுருதிப்பெட்டியையும் கூடவே வைத்து, ஒரு வாரம் இரண்டு சுருதிக்கும் நடுவில் பிள்ளை பாடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பாடி முடித்த பிறகு அறிவிப்பைத் தனியாகக் கேட்டுச் சரிபார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

சிறு பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஆறு கட்டைக்குள்ளும், வளர்ந்த ஆண்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும் சுருதி அமைகிறது. இங்கேதான் என்னைப் போன்ற ஆண் ஆசிரியர்களுக்குச் சிக்கல். என் குரல் ஒன்றரைக் கட்டை. பிள்ளையின் ஐந்தரைக் கட்டையில் நான் பாட வேண்டுமென்றால் ஒரு ஸ்தாயி கீழே போக வேண்டும். மந்தர ஸ்தாயியில் குரல் கரகரக்கும். வகுப்பில் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதைச் சமாளித்துவிடலாம். பதிவை மட்டும் கேட்கும் சிறு பிள்ளைகளோ என்னைப் போலவே குரலைக் கனக்கவைத்துக் கீழே இழுத்துப் பாட முயல்கிறார்கள். ஆகவே வர்ணம் என்ற நிலைக்கு முந்தைய தொடக்கப் பாடங்களையெல்லாம், நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட, மூத்த மாணவி ஒருத்தியைப் பாடவைத்துப் பதிவு செய்கிறேன். அவளுக்கும் அது நல்ல பரீட்சை. என் பாடத்தை அவள் எந்த இடத்தில் மாற்றி வைத்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் எனக்கே தெரியவருகிறது. குரல் உடையும் வயதில் இருக்கும் பையன்களுக்கு ஒரே சுருதியில் நீண்ட நாளுக்கான பதிவு கொடுக்கக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டையைப் பார்த்துப் புதிதாகச் செய்து கொடுக்க வேண்டும்.

இடமும் நேரமும்

தனி ஒலிவாங்கி வாங்க வேண்டிய அவசியமில்லை. சாதாரண செல்பேசியே போதும். கெடுப்பது பெரும்பாலும் அறைதான். சிமெண்டுத் தளமும் வெறும் சுவருமாக இருக்கும் அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்; 'ணங்' என்று ஒரு வால் நீண்டால் அங்கே பதிவு செய்யாதீர்கள். அந்த வால் கமகத்தின் ஓரங்களை மழுக்கிவிடும். ஜமக்காளம் விரித்து, சுவரோரம் மெத்தையை நிமிர்த்தி வைத்து, துணி தொங்கும் அலமாரியைத் திறந்துவிட்டு அதைப் பார்த்து உட்கார்ந்து பாடினால் பாதி எதிரொலி அடங்கிவிடும். முற்றமும் தாழ்வாரமும் உள்ள பழைய வீடு கிடைத்தவர்கள் கூடத்திலேயே உட்காரலாம். அங்கே எதிரொலி குறைவு, குருவிகள் மட்டும் கொஞ்சம் கூடப் பாடும்.

விடியற்காலை அமைதியாக இருக்கும் என்பது பொதுவாகச் சரி. மார்கழியில் மட்டும் சரியில்லை, எல்லாக் கோவில் ஒலிபெருக்கியும் அப்போதுதான் எழுந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் இரவில் வயல் தவளைகள் விடுவதில்லை. தை அறுவடையில் இயந்திரங்கள் பொழுது சாய்ந்த பிறகும் ஓடும். என் தெருவில் பிற்பகல் இரண்டிலிருந்து மூன்றரை வரை சந்தடி குறைவு என்பதால் அந்த நேரத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், வியர்த்தாலும் பரவாயில்லை. செல்பேசியை விமானப் பயன்முறையில் போட்டுவிட வேண்டும். அனுபல்லவி நடுவில் அழைப்பு வந்தால் முதலிலிருந்து தொடங்க நேரும்.

பதிவுச் செயலியில் இரைச்சல் நீக்கம் என்று ஓர் அமைப்பு இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். இடைவிடாமல் ஒரே மாதிரி ஒலிப்பதையெல்லாம் அது இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும். தம்பூரா அப்படித்தானே ஒலிக்கிறது. பதிவில் தம்பூரா அலையலையாக மறைந்து மறைந்து வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இணையவழி வகுப்பிலும் இதே கதை.

செல்பேசியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், ஒரு முழத் தூரத்தில், மடித்த துண்டின் மேல் வைக்க வேண்டும். சுருதிப்பெட்டி அதிலிருந்து மூன்று, நான்கு முழம் தள்ளி இருக்கட்டும். குரலின் அடியில் தம்பூரா தெளிவாகக் கேட்க வேண்டும், குரலை மூடிவிடக்கூடாது. அரை நிமிடம் பாடிப் பார்த்து, அதை மாணவர் வீட்டில் இருக்கக்கூடிய சாதாரண செல்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டுப் பாருங்கள். நல்ல ஹெட்போனில் இனிமையாக இருக்கும் மந்தர ஸட்ஜம், சிறு ஒலிபெருக்கியில் இருக்கும் இடமே தெரியாமல் போகும்.

தாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதி தாளத்தைக் கையால் போட்டால், பார்க்கிறவர்களுக்கு எட்டு அட்சரமும் தெரியும். கேட்கிறவர்களுக்கு ஒன்று, ஐந்து, ஏழு ஆகிய தட்டுகள் மட்டுமே கேட்கும், விரல் எண்ணுவதும் கை திருப்புவதும் கேட்காது. தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு இது போதாது. நட்டுவனார் வைத்திருப்பதுபோல ஒரு சிறு கழியால் மரத்துண்டில் எட்டையும் தட்டி, கைத்தட்டு விழும் மூன்றை மட்டும் அழுத்தமாகத் தட்டுகிறேன். வரிசைகளைத் தாண்டிக் கீதம் என்ற எளிய பாட்டுக்கு வந்துவிட்டால் கழியை விட்டுவிட்டுக் கையால் மட்டும் போடுகிறேன். நடுவில் உள்ள அட்சரங்களை மாணவர் தம் விரலில் தாங்கிக்கொள்ள வேண்டும். செல்பேசியை வைத்திருக்கும் பலகையிலேயே தாளம் தட்டினால் ஒவ்வொரு தட்டும் இடிபோல விழும் என்பதை மறக்க வேண்டாம்.

பாடும் வரிசை

எந்தப் பதிவும் ராகம், தாளம், கட்டை, எந்தப் பகுதி என்ற அறிவிப்போடு தொடங்க வேண்டும். பிறகு பத்து விநாடி தம்பூரா மட்டும். அதில் பிள்ளை ஸட்ஜம் பிடித்துக்கொள்ளும். பிறகு பாட்டில்லாமல் ஓர் ஆவர்த்தனம் தாளம். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்திலா (தாளத்தின் முதல் தட்டிலா), அரை இடம் தள்ளியா, ஒன்றரை இடம் தள்ளியா என்பது இந்த வெற்று ஆவர்த்தனம் இருந்தால்தான் காதுக்குப் புரியும். பாட்டோடு திடீரென்று தொடங்கும் பதிவைக் கேட்டுக் கற்ற பிள்ளைகள் அரை இடத்து எடுப்பையும் சமத்தில் எடுத்துப் பாடிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன்.

கிருதியாக இருந்தால் பாடுவதற்கு முன் சாகித்தியத்தைப் பேச்சுபோல மெதுவாக, பதம் பிரித்து ஒருமுறை படிக்க வேண்டும். தெலுங்கு, சம்ஸ்கிருதப் பாடல்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கும் நோட்டில் 'க' என்ற ஓரெழுத்தே நான்கு ஒலிகளுக்கும் நிற்கிறது. அச்சுப் புத்தகங்களில் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிறு எண்கள் போட்டு வேறுபடுத்தியிருப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அந்த எண்ணை ஏறெடுத்தும் பார்க்காது. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய சீர்காழி மூவரின் தமிழ்ப் பாடல்களுக்கு இது வேண்டியதில்லை என்று நானும் நினைத்திருந்தேன். தாளத்துக்காக ஒரு சொல்லை இரண்டாக முறித்துப் பாடும் இடங்களில், பொருள் தெரியாமல் மூச்சை நடுச்சொல்லில் விட்ட பிள்ளைகளைக் கேட்டபின், அவற்றுக்கும் படித்தே கொடுக்கிறேன்.

பிறகு ஒவ்வொரு சங்கதியையும் 'முதல் சங்கதி', 'இரண்டாம் சங்கதி' என்று எண் சொல்லிப் பாடி, இடைவெளி விட்டு, மறுபடி பாடி, மறுபடி இடைவெளி விட வேண்டும். எண் சொல்வது சின்ன விஷயம்தான். ஆனால் "சார், மூணாவது சங்கதியில அந்த நிஷாதம் புரியல" என்று பிள்ளை கேட்க முடிகிறது. அதற்கு முன்பெல்லாம் "எனக்கு அந்த நடுவுல வர்றது வரல" என்பதோடு நிற்கும். தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்று ஆராதனையில் அவருடைய ஐந்து கிருதிகளான பஞ்சரத்னம் பாடப் போகிறவர்களுக்கான பதிவில் மட்டும் சங்கதிகளை மாற்றாமல், எல்லோரும் சேர்ந்து பாடும் எண்ணிக்கைப்படியே வைக்க வேண்டும். அந்த ஐந்தில் வராளி ராகக் கிருதியும் ஒன்று. வராளியை நேரில் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சீடருக்கும் உறவு முறியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, பதிவாகக் கொடுத்தால் அது நேரில் சொல்லிக்கொடுத்ததாகுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். இன்னும் பதில் சொல்லவில்லை.

பாடும்போது தவறு வந்தால் தாளத்தை நிறுத்தாமல் ஓர் ஆவர்த்தனம் சும்மா விட்டு, அந்த வரியை முதலிலிருந்து பாடுங்கள். பிறகு கணினியில், ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், சமத்திலிருந்து சமம் வரை வெட்டி எடுத்துவிடலாம். ஆவர்த்தனத்தின் நடுவில் வெட்டினால் தாளம் தடுக்கும். எதிரொலி சேர்ப்பது, குரலை மெருகேற்றுவது ஒன்றும் வேண்டாம். தவறு அல்லாதவற்றையும் கவனித்து நீக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது, அரசலாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் ஒன்பது வயதுச் சிறுமி. மலஹரி ராகக் கீதத்தில் இரண்டாம் வரி தொடங்குவதற்கு முன், பாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, தொண்டையை 'க்கும்' என்று ஒருமுறை கனைத்துவிட்டுத் தொடர்ந்தாள். ஜலதோஷமா என்று கேட்டேன். "இல்ல சார், நீங்க அந்த இடத்துல அப்படித்தான பண்ணுவீங்க" என்றாள். பதிவைப் போட்டுப் பார்த்தேன். அதே இடத்தில், அதே சுருதியில், கனைத்திருக்கிறேன்.

வாத்தியங்களுக்குச் சில மாற்றங்கள் போதும். வீணைக்கும் வயலினுக்கும் விரல் தெரிய வேண்டும் என்பதால் காணொளியே நல்லது. மிருதங்கத்துக்குச் சொற்கட்டை (தாள ஒலிச் சொற்களை) முதலில் வாயால் சொல்லி, பிறகு வாசித்து, பிறகு இடைவெளி விட வேண்டும். செல்பேசி மிருதங்கத்தின் இரு முகங்களான வலந்தலைக்கும் தொப்பிக்கும் நடுவில், எதிரே இருக்க வேண்டும். நாதஸ்வரத்துக்கு ஏழெட்டு அடியாவது தள்ளி, அதன் விரிந்த முனையான அணசுக்கு நேரே வராமல் வைக்காவிட்டால் ஒலி உடைந்து பிசிறும். உடைந்த ஒலியைப் பிறகு எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது.

கொடுக்கும் விதம்

மூலப் பதிவை அமுக்காத கோப்பாக உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி ஆகும். மாணவருக்கு 128 கேபிபிஎஸ் எம்பி3 போதும், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி. வாட்ஸ்அப்பில் அதை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தி அப்படியே பாடி அனுப்பும் குரல் செய்தி பேச்சுக்காக மிகவும் அமுக்கப்படுவது. அதில் தம்பூராவின் நாதம் மிஞ்சாது. கோப்பின் பெயரில் ராகம், பகுதி, கட்டை மூன்றும் இருக்கட்டும். 'பதிவு 47' என்று போனால் இரண்டு மாதத்தில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. பல வீடுகளில் செல்பேசி அப்பாவோடு வேலைக்குப் போய், இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு, மெமரி கார்டு போடக்கூடிய சிறு ஒலிபெருக்கி ஒன்றை வாங்கச் சொல்லி, கார்டில் பாடங்களை நானே ஏற்றிக் கொடுக்கிறேன். பள்ளிக்குப் போகும் முன் சாதகம் நடக்க அதுதான் வழி.

பதிவைக் கொடுத்தால் மட்டும் போதாது, கேட்கும் முறையையும் வகுப்பிலேயே ஒருமுறை செய்து காட்ட வேண்டும். முதல் இரண்டு நாள் வாயைத் திறக்காமல் தாளம் மட்டும் போட்டுக் கேட்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து இடைவெளியில் மட்டும் பாட வேண்டும்; என் குரல் ஒலிக்கும்போது வாய் மூடியே இருக்க வேண்டும். ஒலியை, பாடும் குரலைவிடத் தாழ்வாக வைக்கச் சொல்ல வேண்டும். சத்தமாக வைத்தால் பிள்ளை கத்தும்.

ஒவ்வொரு பாடத்துக்கும் கூடவே இன்னொரு கோப்பும் செய்கிறேன். அதே கட்டை, அதே காலப்பிரமாணம், அதே நீளம். தம்பூராவும் தாளமும் மட்டும் இருக்கும், குரல் இருக்காது. ஆறாம் நாள் அதைப் போட்டுப் பாடி, அதை வீட்டில் யாராவது செல்பேசியில் பதிந்து எனக்கு அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வகுப்புக்கு முந்தின இரவு அவற்றைக் கேட்டுவிடுகிறேன். எந்தப் பிள்ளைக்கு எந்தச் சங்கதியில் தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உட்காருவதால், முக்கால் மணி நேரத்தில் முன்பு பாதியைத் தின்ற 'எங்கே நிறுத்தினோம்' என்ற விசாரணை இப்போது இல்லை. குரலில்லாத கோப்பில் இரண்டு வாரம் தடுமாறாமல் பாடிவிட்டால், குரல் உள்ள கோப்பை அழித்துவிடச் சொல்கிறேன். சில பிள்ளைகள் அழிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். கனைப்பு இன்னும் வருகிறது.